கணக்கில் வராத வருடம்

ஏ.எஸ்.ராவ் நகர்,
செகந்திராபாத்.
19.6.2000

அன்புள்ள ஸ்வீட்டி அப்பாவுக்கு,

நாங்கள் சுகம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன். அது பாதிதான் உண்மை. போன் ஹாலில் இருக்கிறது. அதற்குக் கீழேதான் ஸ்வீட்டி பாய் விரித்துப் படிக்கிறாள். அவளைப் பற்றி அவள் தலைக்கு மேலேயே பேச எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீங்களும் பதிலை என் ஆபீஸ் முகவரிக்கு எழுதுங்கள். வீட்டுக்கு வரும் தபாலை அவள்தான் முதலில் எடுக்கிறாள்.

இரண்டாம் வருட அட்மிஷனுக்காக வெள்ளிக்கிழமை காலேஜுக்குப் போனேன். பிரின்சிபால் மார்க் மெமோவை என் பக்கம் தள்ளி, இதைப் பார்த்த பிறகும் ஒரு மாதம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார். மேத்ஸ் பி பேப்பரில் எழுபத்தைந்துக்கு இருபத்திரண்டு. பாஸ் மார்க் இருபத்தேழு. பிசிக்ஸில் அறுபதுக்கு இருபத்து நான்கு, தட்டுத்தடுமாறிப் பாஸ். ரிசல்ட் வந்த அன்று நாம் மூவரும் பாளையங்கோட்டையில் ஒன்றாக இருந்தோம். நான் பயந்தேன். நீங்கள் சிரித்தீர்கள். "பிளஸ் ஒன் மார்க்கை எவன் பாக்கப் போறான்? அது கணக்குலயே வராது" என்றீர்கள்.

இங்கே வருகிறது. இங்கே பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று கிடையாது. இன்டர் முதல் வருடம், இரண்டாம் வருடம், இரண்டுக்குமே அரசுத் தேர்வு. இரண்டையும் கூட்டித்தான் ஆயிரத்துக்கு மார்க். தவறியவர்களுக்கு மே கடைசியில் உடனே ஒரு வாய்ப்புக் கொடுத்தார்களாம். அந்த வாரம் நம் பிள்ளை உங்கள் முன்னால் உட்கார்ந்து தமிழ்நாட்டு பிளஸ் டூ பிசிக்ஸ் டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்தாள்.

இனி மார்ச்சில்தான். ஒரு நாள் முதல் வருடப் பேப்பர், மறுநாள் இரண்டாம் வருடப் பேப்பர் என்று இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். போன வருடம் முழுக்க நீங்கள் வாரம் ஒரு கவரில் டெஸ்ட் பேப்பர் அனுப்பினீர்கள். அவள் காலேஜ் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் கேள்விக்குத்தான் பதில் எழுதினாள். நீங்கள் பிசிக்ஸ் வாத்தியார். முப்பது வருட சர்வீஸ். நீங்கள் சொன்னால் அதற்கு மேல் அவளுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.

இப்போது அவள் தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். தப்பு உன்னுடையது இல்லை, எங்களுடையது என்று. எங்களுடையது என்றே சொல்லுங்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவள் நானும்தானே.

லோயிஸ்

*

பாளையங்கோட்டை.
28.6.2000

அன்புள்ள லோயிசுக்கு,

கடிதம் கிடைத்தது. தேவ கிருபையால் இங்கே சுகம். மெஸ் சாப்பாடுதான் கொஞ்சம் காரம்.

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். பதினோராம் வகுப்புக்கு அரசுத் தேர்வு வைத்து அதன் மார்க்கையும் கூட்டுகிற முறையை நான் கேள்விப்பட்டதில்லை. இது விஷயமாக அந்த போர்டுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று இருக்கிறேன். நம் பக்கம் நல்ல பள்ளிக்கூடம் எதிலும் பிளஸ் ஒன் பாடத்தை முழுதாக நடத்துவதில்லை. ஆகஸ்டிலேயே பிளஸ் டூ பாடம் ஆரம்பித்துவிடும். இருபத்திரண்டு பிள்ளைகளை பிசிக்ஸில் இருநூற்றுக்கு இருநூறு வாங்க வைத்த முறை இது. அவர்களில் பாதிப் பேர் இன்று அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள்.

ஸ்வீட்டியிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, பரீட்சை வருடத்தில் பிள்ளைக்கு வழிகாட்டி மேல் சந்தேகம் வரக் கூடாது. இரண்டாவது, இருபத்திரண்டு மார்க் என்பது எந்த போர்டிலும் குறைவான மார்க்தான். அவள் கவனக்குறைவாக எழுதுகிறாள். என் பேப்பரிலும் அப்படித்தான். விடையை அடிக்கோடிடுவதில்லை, அலகு போடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத் மாற்றலோடு உனக்கு மூன்றாவது முறையாக வந்த பதவி உயர்வையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் நீ இங்கே இருந்திருப்பாய். அவளும் என் கண் முன்னால் படித்திருப்பாள். ஹைதராபாத்தில் எங்கே பார்த்தாலும் கம்ப்யூட்டர் என்று அவள் ஆசைப்பட்டாள், நீ கூட்டிக்கொண்டு போனாய். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும்.

இந்த வருட வரிசையில் டெஸ்ட் பேப்பர் நம்பர் பதினான்கை வீட்டு முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்று மணி நேரம் நீயே கடிகாரம் வைத்து உட்கார். முடித்ததும் அடியில் உன் கையெழுத்தைப் போட்டு அனுப்பு.

ஜெயகரன்

*

ஏ.எஸ்.ராவ் நகர்.
21.8.2000

அன்புள்ள ஸ்வீட்டி அப்பாவுக்கு,

போர்டுக்குக் கடிதம் எழுதினீர்களா? பதில் வந்தால் ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

அவளுடைய ஒரு நாளை எழுதுகிறேன். விடிவதற்குள் எழுந்து ஆறரைக்குக் காலேஜில் இருக்க வேண்டும். இங்கே அதற்குக் காலேஜ் என்றுதான் பெயர், உண்மையில் ஒரு துணிக்கடைக்கு மேலே மூன்று மாடி. ஜன்னல் இருக்கிறது, திறக்க முடியாது. சாயங்காலம் ஏழுக்கு வருவாள். வாரா வாரம் அங்கே பரீட்சை, மார்க்கை வைத்து செக்‌ஷன் மாறும். ஜூனில் இரண்டாவது செக்‌ஷனில் இருந்தாள். இப்போது ஐந்தாவது. வீட்டுக்கு வந்ததும் உங்கள் கவர்.

மாடியில் ஆக்னஸ் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். நாலு தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் தமிழில் பாதி உருது. மேத்ஸ் பி பாடத்தை அவர்தான் சாயங்காலங்களில் சொல்லிக் கொடுக்கிறார். உங்கள் டெஸ்ட் பேப்பரை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹவ், நல்ல பேப்பர்தான். ஆனா இந்தப் பொண்ணு எழுதப் போற பரீட்சைக்கு இது கைக்கு? நக்கோ லோயிஸ், நிறுத்தச் சொல்லு" என்றார். ஹவ் என்றால் ஆமாம். கைக்கு என்றால் எதற்கு. நக்கோ என்றால் வேண்டாம்.

எனக்கு வேறொன்று தெரிந்தது. ஒவ்வொரு பேப்பரின் அடியிலும் நீங்கள் அச்சடித்து வைத்திருக்கிறீர்களே, 'தவறுக்கான காரணம் - தன் கைப்பட எழுதவும்' என்று ஒரு வரி. நீங்கள் திருத்தி அனுப்பியதும் அவள் அதை நிரப்பி மறுபடி உங்களுக்கு அனுப்ப வேண்டும். நான் இவ்வளவு நாள் பார்க்காமலே கீழே கையெழுத்துப் போட்டேன். போன வாரம் படித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே பதில்: என் கவனக்குறைவு. ஒன்றில் மட்டும், நான் சரியில்லை.

அதற்குப் பிறகு அவளிடம் பேச உட்கார்ந்தேன். என்ன கேட்டாலும் "தெலீது" என்கிறாள். தெரியாது என்பதற்குத் தெலுங்கு. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வது சினேகிதிகளிடம் பழகியது என்று நினைத்தேன். இப்போது, தமிழில் சொன்னால் அது நம்மிடம் சொன்னதாகிவிடும் என்று பயப்படுகிறாளோ என்று தோன்றுகிறது.

கவர் அனுப்புவதை மார்ச் வரை நிறுத்துங்கள். அந்த ஒரு வார்த்தையை அனுப்புங்கள்.

லோயிஸ்

*

பாளையங்கோட்டை.
2.9.2000

லோயிசுக்கு,

முன்பின் தெரியாத ஒரு பெண் என் வினாத்தாளை எடுத்துப் பார்ப்பதும், வேண்டாம் என்பதும், அதை நீ எனக்கே எழுதுவதும் நன்றாக இருக்கிறது. என் மகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஊரில் என்னிடம் இடம் கேட்டுப் பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள் என்று எழுதத் தொடங்கினேன். வாக்கியமே தப்பாக வருகிறது. விட்டுவிடுகிறேன்.

பேப்பர் நிற்காது. நான் அவளுக்கு அனுப்புவது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் "சுகம், சாப்பிட்டேன், படிக்கிறேன்" என்று மூன்று வார்த்தை பேசுகிறாள். பேப்பரில்தான் நாலு பக்கம் எனக்கு எழுதுகிறாள்.

பேப்பர் இருபத்திரண்டில் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்தாயா? ஜெயகரன் சார் மகள் எழுதிய விடையா இது என்று கேட்டிருக்கிறேன். ரோஷம் வரட்டும் என்றுதான். வகுப்பில் இது பலித்திருக்கிறது.

ஜெயகரன்

*

ஏ.எஸ்.ராவ் நகர்.
24.11.2000

ஸ்வீட்டி அப்பாவுக்கு,

அவள் நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலேஜிலிருந்து என் ஆபீசுக்குப் போன் வந்தது. ஸ்வீட்டிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். ஒன்பது நாளாக அவள் வரவில்லையாம். தினமும் காலையில் யூனிபார்ம் போட்டு, டிபன் டப்பா எடுத்துக்கொண்டு, என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். சாயங்காலம் ஏழுக்கு வந்து கால் கழுவுகிறாள். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன், பூட்டியிருந்தது. ஆக்னஸ் அக்காவின் பள்ளிக்குப் போன் செய்தேன். அவர் பாதி வகுப்பில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போன வருடம் இங்கே ஒரு ஹாஸ்டலில் மார்க் குறைந்த ஒரு பிள்ளைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் எழுதியதில்லை. இப்போதும் எழுத மாட்டேன். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் எனக்கு அது ஒன்றுதான் நினைவில் இருந்தது.

கண்டக்டர்களை விசாரித்துக்கொண்டே போய், மூன்றரை மணிக்கு சனத்நகர் பஸ் நிறுத்தத்தில் ஆக்னஸ் அக்கா அவளைக் கண்டுபிடித்தார். பாக்டரிகள் இருக்கும் பக்கம். மாணவர் பாஸை வைத்துக்கொண்டு காலையில் ஏறி சனத்நகர் போவது, கொஞ்ச நேரம் நிழலில் உட்காருவது, மறுபடி ஏறித் திரும்புவது, மறுபடி போவது. ஒன்பது நாள். கண்டக்டர்களுக்கு அவளைத் தெரிந்திருக்கிறது. ஒருவர் ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்கார வைப்பாராம். ஆக்னஸ் அக்கா ஒன்றும் கேட்காமல் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தார்.

அவள் பையில் காலேஜ் புத்தகம் ஒன்றுகூட இல்லை. உங்கள் பேப்பர்கள் இருந்தன. பஸ்ஸில் உட்கார்ந்து மடியில் அட்டையை வைத்து உங்கள் டெஸ்ட் எழுதியிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு தமிழில் பதில் சொன்னாள்.

"காலேஜ்ல நான் ஏற்கெனவே பெயிலும்மா. அது இனி மாறாது. அப்பா பேப்பர்ல ஒரு தடவ பாஸாயிட்டா போதும்."

அப்பாவிடம் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சொல்ல மாட்டேன் என்றேன். இதோ சொல்கிறேன். எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது, அதைவிட அதிகமாக என் மேல் இருக்கிறது. ஆனால் ஒரே வீட்டில் இருக்கிற நான் எத்தனை தடவை, நீ மக்கு இல்லை என்று சொன்னாலும் அது அம்மா சொன்னது. அவளுக்கு அது கணக்கில்லை.

லோயிஸ்

*

பாளையங்கோட்டை.
3.12.2000

அன்புள்ள லோயிஸ்,

உன் கடிதம் வந்தபோது அரைப்பரீட்சை சூப்பர்விஷனில் இருந்தேன். ஹாலில் படித்தேன். பிறகு யாரோ ஒரு பையன் அடிஷனல் ஷீட் கேட்டு எழுந்து நின்றுகொண்டே இருந்திருக்கிறான். நான் பார்க்கவில்லை. பக்கத்து ஹாலில் இருந்து சாரங்கபாணி சார் வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அவளுடைய விடைத்தாள்களை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். கடைசியாக வந்த இரண்டும் தனியாகத் தெரிகின்றன. எழுத்து கோணிக்கொண்டு போகிறது, நடுவில் திடீரென்று ஒரு கோடு இழுபடுகிறது. பஸ் பிரேக் போட்ட இடமாக இருக்கும். இரண்டிலும் கையெழுத்துக்காக இரண்டிரண்டு மார்க் குறைத்திருக்கிறேன். ஒன்றில், ஏன் இந்த அவசரம் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.

நான் விசாரித்திருக்க வேண்டும். அவளை அந்தக் காலேஜில் சேர்த்த அன்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். முப்பது வருடம் கேள்வி கேட்டே பிழைத்தவன், அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று அங்கே இருந்த கிளார்க்குக்குத் தெரிந்துவிடும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. இதை உனக்குத்தான் எழுதுகிறேன்.

அவளிடம் நேரில் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு நீங்கள் இங்கே வர வேண்டாம், பிரயாணத்தில் நாள் போகும். நான் வருகிறேன். அதுவரை கவர் அனுப்ப மாட்டேன். அவளைக் காலேஜுக்கு அனுப்ப வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அனுப்பாதே. ஆக்னஸ் அம்மாவுக்கு என் நன்றியைச் சொல். என்ன வார்த்தையில் என்று எனக்குத் தெரியவில்லை, நீயே பார்த்துச் சொல்.

ஜெயகரன்

*

ஏ.எஸ்.ராவ் நகர்.
16.1.2001

ஸ்வீட்டி அப்பாவுக்கு,

நான்கு நாள் இருந்தீர்கள். கேக் வாங்கி வந்தீர்கள். ஆடிக்கொண்டிருந்த ஃபேனைச் சரி செய்தீர்கள். மாரெட்பள்ளி போய் ஆக்னஸ் அக்காவின் பள்ளி வாசலில் நின்று வணக்கம் சொன்னீர்களாம், அவர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். ஸ்வீட்டியோடு உட்கார்ந்து இரண்டாம் வருட பிசிக்ஸ் முழுதும் ஒரு ஓட்டம் ஓட்டினீர்கள். அவள் கொஞ்சம் சாப்பிட்டாள். ஒருநாள் சிரிக்கக்கூடச் செய்தாள். இப்போது சொல்வீர்கள், இப்போது சொல்வீர்கள் என்று நான் சமையலறையிலேயே நின்றேன். உங்கள் இருவரையும் தனியாக விடுவதற்காக ஒரே பாத்திரத்தை எத்தனை தடவை கழுவினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்போது ஜன்னலில் அவள் கையைப் பிடித்தீர்கள். உங்கள் முகம் ஒரு மாதிரி ஆனது. சரி, வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஏட்டி, கையெழுத்தைக் கவனிச்சுக்கோ" என்றீர்கள்.

மறுநாள் காலையில், இந்த வருடம் பரீட்சை எழுதப் போவதில்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அழவுமில்லை. குழம்பில் உப்பில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். இரண்டு வாரமாக அதே பதில்தான். ஆக்னஸ் அக்கா, விடு, கட்டாயப்படுத்தாதே, பாடத்தை மட்டும் நடத்துகிறேன் என்று தினமும் வருகிறார். ஸ்வீட்டி உட்கார்ந்து கேட்கிறாள். ஹால் டிக்கெட் வந்து பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது.

அவளுடைய முதல் வருட மேத்ஸ் பி புத்தகத்தைக் காணோம். உங்கள் பெட்டியில் வந்துவிட்டதா என்று பாருங்கள். ஆக்னஸ் அக்கா வேறு புத்தகம் கொடுத்திருக்கிறார், அதனால் அவசரமில்லை.

லோயிஸ்

*

பாளையங்கோட்டை.
4.2.2001

அன்புள்ள லோயிஸ்,

புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. தெரிந்துதான் எடுத்து வந்தேன்.

ஸ்டேஷனில் சொல்லத்தான் கையைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து சார் சொன்னதை எல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளும் பிள்ளையின் முகம் இருந்தது. அப்பாவுக்குத் தெரியாது என்று சொன்னால், இத்தனை வருடம் நான் சொன்ன மற்றதையெல்லாம் அவள் எங்கே கொண்டு வைப்பாள் என்று பயந்துவிட்டேன். இப்படி எழுதினால் அவளுக்காகப் பயந்த மாதிரி இருக்கிறது. எனக்காகத்தான் பயந்தேன்.

ஒரு மாதமாக அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தேன். நான் பிசிக்ஸ்காரன். கோ-ஆர்டினேட் ஜியாமெட்ரியை விட்டு முப்பது வருடமாகிறது. சென்ற மார்ச்சில் அவள் எழுதிய அதே வினாத்தாளை, அவள் என்னிடம் விட்டுப்போன பேப்பர் கட்டுக்குள்ளிருந்து எடுத்து, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து நேற்று எழுதினேன். என்னுடைய டெஸ்ட் பேப்பர் தாளிலேயே எழுதினேன். ஏழாவது கேள்வியில் இருபது நிமிஷம் மாட்டிக்கொண்டேன். கடைசி இரண்டைத் தொடவே முடியவில்லை. அந்தப் பிள்ளை வேறு பாடம் படித்துவிட்டு வந்து இதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், அதில் இருபத்திரண்டு வாங்கியிருக்கிறாள்.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு சிவப்புப் பேனாவும். அவளைத் திருத்தச் சொல். அதைப் பார்த்தால் அவளுக்கே புரியும்.

எங்களுக்கும் மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. லீவு கேட்டேன். என்னை ஒரு சென்டருக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் ஹாலில் நான் இருப்பேன்.

ஜெயகரன்

*

ஏ.எஸ்.ராவ் நகர்.
24.3.2001

அன்புள்ள ஸ்வீட்டி அப்பாவுக்கு,

பரீட்சை முடிந்துவிட்டது. எழுதினாள். எல்லாப் பேப்பரும் எழுதினாள். போனில் இதை மட்டும்தான் சொன்னேன். மற்றதை இப்போது எழுதுகிறேன்.

உங்கள் விடைத்தாளை அவளிடம் கொடுத்தபோது வாங்கிப் பார்த்தாள். "அப்பா எதுக்கு இது எழுதுனாங்க?" என்று கேட்டாள். உன்னைத் திருத்தச் சொன்னார்கள் என்றேன். ஹால் டிக்கெட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மூன்று வாரம் அப்படியே கிடந்தது. பார்த்தால் அவளுக்கே புரியும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் கோபம் வந்தது. புரிந்துகொள்கிற வேலையையும் அவள் தலையிலேயே போட்டுவிட்டீர்கள்.

பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் அவளே அதை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து, ஆக்னஸ் அக்கா கொடுத்த விடைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி பார்த்தாள். ஏழாவது கேள்வியில் நீங்கள் அடித்து அடித்து எழுதியிருந்ததை ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்பாவும் இங்கதான் மாட்டிருக்காங்க" என்றாள். பிறகு எழுந்து போய் ஹால் டிக்கெட்டைப் பிரித்தாள். எழுதப் போகிறேன் என்று சொல்லவில்லை. போட்டோவில் மூக்கு கோணலாக இருக்கிறது என்றாள்.

மேத்ஸ் பி அன்று காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். சென்டர் வாசல் வரை நானும் ஆக்னஸ் அக்காவும் போனோம். முடித்து வந்ததும், பாஸாவேனா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது என்றாள். தெலீது என்று சொல்லவில்லை. பிசிக்ஸ் சுமார் என்று அவளே சொல்கிறாள். பாதி ராத்திரியில் எழுந்து உட்காருவது இன்னும் நிற்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மார்க் இருபத்தாறு. பாஸ் மார்க்குக்கு ஒன்று குறைவு. விடையை அடிக்கோடிடாததற்கு மூன்று இடத்தில் குறைத்திருக்கிறாள். ஒரு மார்க் போட்டு விடேன் என்று நான் கெஞ்சினேன்.

"அப்பா போடுவாங்களா?" என்றாள்.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். அடியில் தவறுக்கான காரணம் என்ற வரி காலியாக இருக்கிறது. அவள் அதைச் சுற்றி சிவப்பில் ஒரு கட்டம் போட்டிருக்கிறாள். கவரை ஒட்டும்போது என்னிடம் சொன்னாள்:

"அத அப்பாவே எழுதணும். நான் ரெண்டு வருஷம் எழுதியிருக்கேன்."

லோயிஸ்

*

பாளையங்கோட்டை.
1.4.2001

அன்புள்ள லோயிஸ்,

இந்தக் கடிதத்தை உன் ஆபீசுக்கு அனுப்பவில்லை, வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். முதலில் யார் பிரித்தாலும் சரி.

நாளை முதல் பேப்பர் திருத்தும் முகாம். ஒரு நாளைக்கு இருபத்து நான்கு தாள் தருவார்கள். கையெழுத்து கோணினால் இனி அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்து எழுதியதோ என்றுதான் நினைக்கத் தோன்றும். திருத்துவது தாமதமாகும். ஆகட்டும்.

மார்க் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். கூட்டிப் பார்த்தேன். இருபத்தாறேதான்.

அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கு நான்கு நாளாயிற்று. முதலில் ஒரு பக்கம் எழுதினேன். அதில் நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் வழக்கம் எல்லாம் இருந்தது. கிழித்துவிட்டேன். அவள் விட்ட இடம் இரண்டு வரிக்குத்தான். தாளைத் தனிக் கவரில் அனுப்பியிருக்கிறேன். கீழே எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன், தபாலில் ஒன்று தவறினாலும் ஒன்று சேர வேண்டும்.

தவறுக்கான காரணம்: முதல் வருட மார்க் கணக்கில் வருமா என்று யாரிடமும் விசாரிக்காமல், வராது என்று என் மகளிடம் சொன்னேன். அவள் என்னை நம்பியதைத் தவிர வேறு தவறு செய்யவில்லை.

தன் கைப்பட, ஜெயகரன்.

பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தை விட்டுவைத்திருக்கிறேன். ஸ்வீட்டி படித்துவிட்டு, சரி என்று பட்டால், அவளைப் போடச் சொல். படாவிட்டால் திருப்பி அனுப்பட்டும். மறுபடி எழுதுகிறேன்.